மூளைத்தண்டை ஒட்டிய கட்டி: முழுசாக எடுப்பதா, கொஞ்சம் விட்டுவைப்பதா?

பெரியம்மாவுக்கு இரண்டு வருடமாக வலது தாடையில் மின்சாரம் பாய்வது போல வலி. இங்கே தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் ஒரு பல் மருத்துவர் இரண்டு பல்லைப் பிடுங்கியும் வலி போகவில்லை, எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் தெரிந்தது, மூளையைத் தண்டுவடத்தோடு இணைக்கும் மூளைத்தண்டுக்குப் பக்கத்து இடுக்கில் எபிடெர்மாய்டு கட்டி இருக்கிறது, அது முகத்து நரம்பு ஒன்றை அழுத்துகிறது என்று. புற்று இல்லை. மண்டைக்குள் வரும் கட்டிகளில் நூற்றுக்கு ஒன்று போலத்தான் இது, கருவிலேயே உள்ளே மாட்டிக்கொண்ட தோல் செல்கள் உரிந்து உரிந்து சேர்ந்த வெள்ளைக் குவியல்.

அறிகுறி இல்லையென்றால் அவ்வப்போது எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அதில் தப்பே இல்லை. வலி வந்த பிறகு அது சரிப்படாது, மாத்திரை வலியைத்தான் குறைக்கும், கட்டியைக் கரைக்காது.

குழாய் வைத்து வடித்துவிடலாமே என்று சொந்தக்காரர்கள் கேட்டார்கள். மூளையைச் சுற்றிய சவ்வில் வரும் அராக்னாய்டு நீர்க்கட்டிக்கு அது சரி, உள்ளே இருப்பது தெளிந்த நீர், ஒரு ஜன்னல் போலத் திறந்துவிட்டாலும் போதும். இதற்குள் இருப்பதோ மெழுகு போன்ற பொருள், வடியாது. சாதாரண எம்ஆர்ஐயில் இரண்டும் ஒன்று போலவே தெரியும், திசுவுக்குள் நீர் எப்படி நகர்கிறது என்று காட்டும் டிஃப்யூஷன் என்ற எம்ஆர்ஐ படத்தில்தான் எபிடெர்மாய்டு பளிச்சென்று வெள்ளையாக நிற்கும், அதனால் அந்தப் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

இனி, காதுக்குப் பின்னால் மண்டையைத் திறந்து எடுக்கும் அறுவை. உள்ளே இருப்பதைக் காலி செய்வது பெரும்பாலும் கடினமில்லை. அதன் மெல்லிய உறைதான் சிக்கல், நரம்புகளையும் ரத்தக்குழாய்களையும் சுற்றிக்கொண்டு மூளைத்தண்டோடு ஒட்டிப்போயிருக்கும். முழுசாக உரித்தால் திரும்ப வளரும் வாய்ப்பு குறைவு, சரி, ஆனால் உரிக்கும்போது முகம் கோணலாம், காது கேட்காமல் போகலாம், விழுங்குவதே கஷ்டமாகலாம். ஒட்டிய துண்டை விட்டுவைத்தால் இந்த ஆபத்து குறையும், மீதி மெதுவாகத்தான் வளரும், பல வருடம் கழித்து இன்னொரு அறுவை தேவைப்படலாம். எப்படி எடுத்தாலும் உள்ளிருப்பது சிந்தினால் கிருமியே இல்லாமல் மூளையுறை அழற்சி வரலாம், தலைவலியும் காய்ச்சலுமாக, அதற்கு ஸ்டீராய்டு கொடுப்பார்கள்.

ஐம்பத்தெட்டு வயதில் பெரியம்மாவுக்கு நான் விட்டுவைக்கும் வழியையே சொல்வேன். மருத்துவரிடம் "முழுசாக எடுப்பீர்களா" என்று கேட்காமல் "எந்த இடத்தில் நிறுத்துவீர்கள்" என்று கேட்டோம். நரம்பு இழுபட்டால் அங்கேயே நிறுத்திவிடுவேன் என்றார். தைப்பூசக் காவடி முடிந்த மறுவாரம் தேதி வாங்கியிருக்கிறோம்.