கோடையில் டெக்கீலா: பழத்தோடு கலப்பதா, காயோடும் பிஞ்சோடும் கலப்பதா?

சித்திரை, வைகாசி மாதங்களில் காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் வீடுகளில் விடுமுறைக்கும் விசேஷங்களுக்கும் வந்த உறவுக்கூட்டம் நிறைந்திருக்கும். அந்தக் கூட்டத்தில் மது அருந்துவோர் சிலர், அருந்தாதோர் பலர். ஆகவே இங்கு வீட்டில் டெக்கீலா காக்டெய்ல் கலக்க நினைப்பவர் இரண்டு கேள்விகளுக்கு விடை தேட வேண்டும். அக்னி நட்சத்திர வெயிலில் பனிக்கட்டி கரைந்த பிறகும் பானத்தில் சுவை நிற்குமா? டெக்கீலா சேர்க்காமல் அதே சாற்றை ஆச்சிக்கும் பிள்ளைகளுக்கும் மனநிறைவோடு கொடுக்க முடியுமா? நம் சந்தையில் கோடையில் எளிதாகக் கிடைக்கும் தர்பூசணி, வெள்ளரிப்பிஞ்சு, மாங்காய், நுங்கு ஆகிய நான்கையும் இந்த இரண்டு கேள்விகளால் எடைபோட்டுப் பார்த்தால், பழுத்ததைவிடக் காயும் பிஞ்சுமே டெக்கீலாவுக்குப் பொருந்துகின்றன என்பதே என் முடிவு.

காரணம் டெக்கீலாவிலேயே இருக்கிறது. மெக்சிகோவின் ஹாலிஸ்கோ மாநிலத்திலும் வேறு நான்கு மாநிலங்களின் குறிப்பிட்ட பகுதிகளிலும் விளையும் நீல அகேவ் செடியின் அடித்தண்டை வேகவைத்து, சாறெடுத்து, புளிக்கவைத்து வடிப்பது அது. மரப்பீப்பாயில் ஊறாத பிளாங்கோ வகையில் பச்சைத் தழையின் மணமும் மிளகை ஒத்த காரமும் தெளிவாகத் தெரியும். குறைந்தது 2 மாதம் ஓக் பீப்பாயில் கிடக்கும் ரெபோசாடோவில் மரத்தின் மணமும் இனிப்புச் சாயலும் ஏறிவிடுவதால், புதிதாகப் பறித்த காய்களோடு அது அவ்வளவாக இணங்குவதில்லை. புட்டியில் 100 விழுக்காடு அகேவ் என்று அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நல்லது. அந்தக் குறிப்பு இல்லாதவற்றில் அகேவ் சர்க்கரை 51 விழுக்காடு இருந்தாலே சட்டப்படி போதும். மீதி வேறு சர்க்கரையாக இருக்கலாம்.

எலுமிச்சைக்காக வெளிநாட்டுப் பழத்தைத் தேட வேண்டியதில்லை. மெக்சிகோவில் பெரிதும் பயன்படும் சிறிய, மெல்லிய தோலுள்ள எலுமிச்சையும் நம் வீட்டு எலுமிச்சையும் ஒரே இனம். புட்டியில் அடைத்த சாற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். பழத்தை அப்போதே பிழிந்தால் வரும் மணம் அதில் இருக்காது.

முதலில் தர்பூசணி. விலை குறைவு, நிறம் அழகு, பத்துப் பேருக்கு ஒரு பழம் போதும். 45 மி.லி. டெக்கீலா, 90 மி.லி. தர்பூசணிச் சாறு, 20 மி.லி. எலுமிச்சைச் சாறு, ஒரு சிட்டிகை உப்பு என்பது நிதானமான அளவு, சர்க்கரை வேண்டாம். ஆனால் இப்பழத்தில் ஏறத்தாழ 92 விழுக்காடு தண்ணீர், புளிப்போ மிகக் குறைவு. முதல் மடக்கு இனிமையாக இருக்கும், பாதிக் கோப்பைக்கு மேல் சப்பென்று ஆகிவிடும். டெக்கீலாவின் தழைமணமும் அந்த இனிப்புக்குள் அடங்கிப்போகிறது. மது அருந்தாதவருக்கு இது நல்ல பானம்தான். அப்படியே கொடுத்துவிடலாம், அதில் டெக்கீலாவைச் சேர்ப்பதால் புதிதாகக் கிடைப்பது ஒன்றுமில்லை.

வெள்ளரியிலும் தண்ணீருக்குக் குறைவில்லை, தர்பூசணியைவிடச் சற்றுக் கூடுதல்தான். இருந்தும் அது வெல்கிறது. பிஞ்சின் பச்சை வாசனையும் பிளாங்கோவின் தழைமணமும் ஒரே திசையில் செல்வதால், ஒன்றை ஒன்று தூக்கிக் காட்டுகின்றன. மிக்சியில் அடித்தால் நுரை எழுந்து சாறு கலங்கும். தேங்காய்த் துருவியில் துருவி, வெள்ளைத் துணியில் இட்டுப் பிழிந்தால் இளம்பச்சை நிறத்தில் தெளிந்த சாறு கிடைக்கும். துருவுமுன் காம்புப் பக்கத்தில் ஒரு வில்லை நறுக்கி வாயில் போட்டுப் பார்ப்பது கட்டாயம். கசப்பு பெரும்பாலும் அந்த முனையிலும் தோலிலும்தான் தேங்கும், ஒரு கசந்த பிஞ்சு கலந்தாலும் மொத்தச் சாறும் வீண். 45 மி.லி. டெக்கீலாவுக்கு 60 மி.லி. வெள்ளரிச் சாறு, 20 மி.லி. எலுமிச்சை, சம அளவு சர்க்கரையும் நீரும் காய்ச்சிய பாகு 15 மி.லி., உள்ளங்கையில் தட்டிய புதினா நான்கைந்து இலை. டெக்கீலாவை விட்டுவிட்டு உப்பைச் சற்றுக் கூட்டினால் வெயிலில் வந்தவர்க்கு இதைவிட நல்ல உபசாரம் கிடையாது.

மாங்காய்தான் என் முதல் தேர்வு. உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்று நம் பள்ளிக்கூட வாசல்களில் விற்பது போலவே மெக்சிகோவின் தெருக்களிலும் விற்கிறது. மாமரம் இந்தப் பக்கத்திலிருந்து ஸ்பானியர் காலத்தில் அங்கே போனது. மிளகாய் அங்கிருந்து போர்த்துக்கீசியர் வழியாக இங்கே வந்தது. எனவே மாங்காய், மிளகாய், டெக்கீலா மூன்றும் ஒரு கோப்பையில் சேர்வது வலிந்து செய்த சேர்க்கை ஆகாது, நாக்குக்கு அது உடனே புரியும்.

இதிலும் இரண்டு வழிகள் உண்டு. பச்சையாகத் துருவிப் பிழிந்தால் புளிப்பு கூர்மையாக இருக்கும், பிஞ்சு மாங்காயின் வாசனையும் முழுமையாக வரும், ஆனால் சாறு குறைவாகவே கிடைக்கும், நிறமும் விரைவில் மங்கும். தோலோடு வேகவைத்தோ தணலில் சுட்டோ சதையை வழித்தெடுத்தால் புளிப்பு உருண்டு திரண்டு, பானத்துக்குக் கனமும் தருகிறது. இந்தக் கனம்தான் பனிக்கட்டி கரையும்போது பானத்தைத் தாங்குகிறது. ஆகவே வெயிலுக்கு வேகவைத்த சதையையே பரிந்துரைக்கிறேன். கிளிமூக்கு மாங்காயில் புளிப்பு மட்டாக இருப்பதால் நாட்டு மாங்காயே மேல். சதை 2 மேசைக்கரண்டி, டெக்கீலா 45 மி.லி., பாகு 20 மி.லி., கீறி விதை நீக்கிய பச்சைமிளகாய் ஒரு துண்டு ஆகியவற்றைக் குலுக்கி, மிளகாயை எடுத்துவிட்டு 60 மி.லி. சோடா ஊற்ற வேண்டும். கோப்பையின் விளிம்பில் எலுமிச்சையைத் தடவி, வறுத்த குண்டு மிளகாயைக் கல் உப்போடு அம்மியில் கொரகொரப்பாகப் பொடித்து அரை வட்டத்துக்கு மட்டும் ஒட்டவைத்தால், காரம் வேண்டாதவர் மறுபக்கத்தில் குடிக்கலாம்.

நுங்கு பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அதன் மென்மணமும் குளிர்ச்சியும் டெக்கீலாவின் முன் காணாமல் போகின்றன, புளிப்பு அறவே இல்லை. தோல் நீக்கிய நுங்கை நறுக்கி வெள்ளரிப் பானத்தில் நான்கு துண்டு போடுவது அழகு. அதையே அடித்துக் கலப்பது நுங்குக்குச் செய்யும் அநியாயம்.

குலுக்குவதற்குத் தனிக் கருவி தேவையில்லை. மூடி இறுக்கமாக உட்காரும் எவர்சில்வர் தூக்கு ஒன்றில் பனிக்கட்டியோடு 15 விநாடி குலுக்கினால், வெளிப்புறம் பனித்துக் கை சில்லிடும், அதுவே அடையாளம். பரிமாறும் கோப்பைக்குச் சிறு கட்டிகளைவிட, கிண்ணத்தில் உறையவைத்த ஒரே பெரிய கட்டி மெதுவாகக் கரையும். 40 விழுக்காடு டெக்கீலா 45 மி.லி.யில் 18 மி.லி. தூய ஆல்கஹால் இருக்கிறது, அது உடலின் நீரை வெளியேற்றவும் செய்யும். எனவே ஒவ்வொரு கோப்பைக்கும் இடையே ஒரு செம்பு தண்ணீர் குடிப்பதும், 21 வயது நிரம்பாதவர்க்குத் தராமல் இருப்பதும் வீட்டாரின் பொறுப்பு.

கூட்டத்துக்குத் தயாரிப்பவர் முந்தின நாளே மாங்காய்ச் சதையையும் பாகையும் செய்து குளிர்பெட்டியில் வைத்துவிடலாம். வெள்ளரியை மட்டும் விருந்தினர் வந்து உட்கார்ந்த பிறகு துருவ வேண்டும், ஒரு மணி நேரம் கடந்தால் அந்தப் பச்சை வாசனை போய்விடும்.