முள்ளெலிக் கூண்டுக்கு எந்தச் சூடு: செராமிக் ஹீட்டரா, ஹீட் மேட்டா, ரூம் ஹீட்டரா?

ஆப்பிரிக்கப் பிக்மி முள்ளெலி வளர்க்கத் தொடங்குகிறவர்கள் கூண்டு, சக்கரம், தீனி எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து வாங்குகிறார்கள். சூட்டுக்கான ஏற்பாடு கடைசியில்தான் நினைவுக்கு வருகிறது. என்னைக் கேட்டால் அதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். சகாராவுக்குத் தெற்கே உள்ள புல்வெளிகளைச் சேர்ந்த பிராணி இது. இரவும் பகலும் சீராக 24 முதல் 29 டிகிரி செல்சியஸ் இருந்தால்தான் நலமாக இருக்கும். 20-க்குக் கீழே போனால் உடல் மந்தமாகி உறக்கநிலைக்குள் நழுவப் பார்க்கும். ஐரோப்பிய முள்ளெலி கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழும். வீட்டில் வளரும் இந்தச் சின்ன இனத்துக்கு அது உயிராபத்து.

சூட்டுக்காக மாட்டும் சிவப்பு பல்பை முதலிலேயே ஒதுக்கிவிடலாம். இது இரவில் நடமாடும் பிராணி. பகலில் 12 மணி நேரமாவது வெளிச்சமும், அதன்பின் நல்ல இருட்டும் வேண்டும். இரவெல்லாம் பல்பு எரிந்தால், கூண்டுக்குள் ஒளிந்து தூங்க வைக்கும் குடிசையை விட்டு வெளியே வராது, சக்கரத்தில் ஓடாது, எடை கூடும்.

ஹீட் மேட் என்பது கூண்டின் அடியில் வைக்கும் மின்சூட்டு விரிப்பு. விலை குறைவு, மின்சாரமும் கொஞ்சம்தான் இழுக்கும். ஆனால் அது தொடும் இடத்தை மட்டுமே சூடாக்கும். முள்ளெலி மூச்சு விடும் காற்று குளிராகவே இருக்கும். அதைவிடப் பெரிய சிக்கல் படுக்கை. முள்ளெலி துணிக்குள்ளும் மரச்சீவலுக்குள்ளும் தோண்டிப் போய்ப் படுக்கும் பழக்கமுள்ளது. தடித்த ஃப்லீஸ் துணி விரித்தால் மேட்டின் சூடு மேலே வராமல் அடியிலேயே தேங்கும். தோண்டிக்கொண்டு அடிவரை போகிற பிராணிக்கு வயிற்றில் தீப்புண் வரும். கூண்டுத் தரையில் பாதிப் பரப்பைத் தாண்டாமல் வைத்து, சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும் இணைத்தால் துணைச்சூடாக வைத்துக்கொள்ளலாம். தனியாக அதை நம்புவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒரே முள்ளெலி, ஒரே கூண்டு என்றால் என் தேர்வு செராமிக் ஹீட்டர்தான். பல்பு மாட்டுவது போலவே மாட்டலாம், ஆனால் வெளிச்சம் துளியும் வராது. மேலிருந்து இறங்கும் சூடு கூண்டின் காற்றையும் சேர்த்து வெதுவெதுப்பாக வைக்கும். சிரமங்களும் உண்டு. அதன் மேற்பரப்பு தொட முடியாத அளவுக்குக் கொதிக்கும். அதனால் பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும். பீங்கான் ஹோல்டரே வேண்டும். ஹீட்டரைச் சுற்றிக் கம்பிக் கூடு போட்டு, முள்ளெலிக்கும் துணிக்கும் எட்டாத உயரத்தில் தொங்கவிட வேண்டும். கம்பிக் கூண்டில் சூடு நாலு பக்கமும் ஓடிவிடும் என்பதால் பெரிய கூண்டுக்கு இரண்டு தேவைப்படலாம்.

தெர்மோஸ்டாட் இல்லாமல் செராமிக் வாங்குவதைவிட வாங்காமலே இருக்கலாம். ஹீட்டரை முழுதாகப் போட்டு அணைக்கும் ஆன்-ஆஃப் வகையோ, மின்சாரத்தை விட்டுவிட்டுச் சிறு துடிப்புகளாகத் தரும் பல்ஸ் வகையோ சரி. ஒளியை மங்கலாக்கும் வகை பல்புகளுக்கானது. சென்சாரை முள்ளெலி தூங்கும் உயரத்தில் கூண்டோடு இறுகக் கட்டுங்கள். அது நழுவி வெளியே விழுந்தால், குளிர்கிறது என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் ஹீட்டரை நிறுத்தாமல் ஓடவிடும். முள்ளெலி கால்களைப் பரப்பித் தரையோடு தரையாகப் படுத்துக் கிடந்தால் சூடு அதிகம் என்று பொருள். இன்னொன்று: செராமிக் ஒளி விடாததால், பழுதானாலும் கண்ணுக்குத் தெரியாது. தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வைத்து, காலையிலும் இரவிலும் பாருங்கள்.

ஒரே அறையில் மூன்று நான்கு கூண்டுகள் இருந்தால் கணக்கு மாறும். இவை தனியாக வாழும் பிராணிகள், ஒவ்வொன்றுக்கும் தனிக் கூண்டு கட்டாயம். அத்தனைக்கும் தனித்தனி ஹீட்டர், தெர்மோஸ்டாட் என்று வயர் இழுப்பதைவிட, எண்ணெய் நிரப்பிய ரூம் ஹீட்டர் ஒன்றை வைத்து அறையையே சூடாக்குவது பாதுகாப்பானது. கூண்டுக்குள் கொதிக்கும் பொருள் எதுவும் இராது. ஆனால் மின்கட்டணம் ஏறும், தரையோரம் எப்போதும் சற்றுக் குளிராகவே இருக்கும். கூண்டை மேசைமேல் ஏற்றிவிடுங்கள். காற்று வறண்டு தோல் உரியவும் கூடும். அதே அறிகுறி உண்ணித் தொல்லையிலும் வரும் என்பதால் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுவது நல்லது.

மின்சாரம் போனால் எல்லா ஏற்பாடும் ஒன்றுதான். வெந்நீர்ப் பை ஒன்றைத் தயாராக வையுங்கள். தடித்த துண்டில் சுற்றிக் குடிசைக்குப் பக்கத்தில் வைக்கலாம். முள்ளெலியின் வயிறு தொட்டால் சில்லென்று இருந்து, நடை தள்ளாடினால், உடனே உங்கள் சட்டைக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொள்ளுங்கள். உடல் மெல்ல மெல்லத்தான் சூடேற வேண்டும். வெந்நீரில் இறக்கவே கூடாது. அது எழுந்து நடமாடத் தொடங்கினாலும் அன்றே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.