கோத்தகிரி வீட்டில் நள்ளிரவில் அலறிய அலைபேசி

இந்த ஜனவரியில் லண்டனிலிருந்து கோத்தகிரிக்குச் சென்று மூன்று வாரம் தங்கியதில், ஓர் இரவும் அதற்கு மறுநாளும்தான் இன்னும் மனத்தை விட்டு அகலவில்லை.

அப்பாவுக்கு 76 வயது, இன்சுலின் போட்டுக்கொள்கிறார். லண்டனில் இருந்தபடியே அவருடைய சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளலாம் என்ற ஆசையில், தோலில் ஒட்டும் சென்சார் ஒன்றை வாங்கிச் சென்று அவரது இடது மேற்கையில் பொருத்தினேன். மயிரிழை போன்ற அதன் நுனி, தோலுக்கடியில் திசுக்களுக்கு இடையே ஊறும் நீரிலுள்ள சர்க்கரையை அளந்து, புளூடூத் வழியே அலைபேசிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒட்டினால் 14 நாள் வேலை செய்யும்.

மூன்றாம் நாள் இரவு 2 மணிக்கு அலைபேசி அலறியது. திரையில் 3.1. இங்கிலாந்தில் மில்லிமோல் கணக்கு என்பதால் தூக்கக் கலக்கத்தில் 18-ஆல் பெருக்கினேன். நம் ஊர்க் கணக்கில் 56. எழுபதுக்குக் கீழே இறங்கினாலே தாழ்சர்க்கரை அல்லவா? அம்மா பதறிப்போய்ச் சர்க்கரைத் தண்ணீர் கலக்கினார். அப்பாவுக்கோ வியர்வையும் இல்லை, நடுக்கமும் இல்லை. "எனக்கு ஒன்றுமில்லை, விளக்கை அணை" என்று குடிக்க மறுத்துவிட்டார்.

விரலில் குத்திப் பார்க்கலாம் என்றால், அலமாரியில் சில்லிட்டுக் கிடந்த குளுக்கோமீட்டர் வெப்பமானிக் குறியைக் காட்டி அளக்க மறுத்தது. நீலகிரிக் குளிரில் அந்தக் கருவிக்கும் விறைத்துப் போகும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. அம்மா அதைச் சால்வைக்குள் பொத்தி வைத்துக்கொண்டு கட்டிலில் அமர்ந்திருந்தார். நான் அப்பாவின் விரல்களை வெந்நீரில் நனைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெகுநேரம் கழித்து ஒரு சொட்டு இரத்தம் வந்தது. 124. அதற்குள் அலைபேசியிலும் எண் தானாக ஏறத் தொடங்கியிருந்ததைப் பார்த்து இன்னும் குழம்பினேன்.

காலையில் நிறுவனத்தின் இந்திய உதவி எண்ணில் நெடுநேரம் காத்திருந்ததற்கு, வாங்கிய நாட்டில்தான் கேட்க வேண்டும் என்ற பதில் கிடைத்தது. லண்டன் அலுவலகம் திறக்கும்வரை, அதாவது நம் நேரப்படி மதியம்வரை காத்திருந்து அழைத்தால், வரிசை எண்ணைக் கேட்டுக்கொண்டு, மாற்றுச் சென்சாரை இங்கிலாந்து முகவரிக்கு அனுப்புவதாக மரியாதையுடன் சொன்னார்கள். கோத்தகிரியில் இருக்கும் நோயாளிக்கு அதனால் என்ன பயன்? எப்படி நடந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மாலை, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத் தன்னார்வலப் பெண் ஒருவர், மாதந்தோறும் வருவதுபோல் அப்பாவின் இரத்த அழுத்த மாத்திரைகளுடன் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அத்திட்டத்தைப் பற்றி நான் செய்தியில் படித்ததோடு சரி. ஓ.பி. சீட்டுக்கு விடியற்காலையில் போய் நின்ற நம் தலைமுறைக்கு, மாத்திரை வாசற்படி தேடி வருவதைப் பார்க்கவே நெஞ்சு நிறைந்தது. லண்டனில் மருத்துவரைப் பார்க்கக் காலை 8 மணிக்குத் தொலைபேசியோடு மல்லுக்கட்டும் எனக்கு இது சின்ன விஷயமில்லை.

அழுத்தப் பட்டையைச் சுற்ற அப்பாவின் சட்டைக் கையை மடித்தவர், சென்சாரைச் சுற்றித் தோல் சிவந்து, அதன் வட்ட விளிம்பு தசையில் பதிந்திருந்ததைக் கண்டு கையை நிறுத்தினார்.

"ஐயா, இந்தப் பக்கமாத்தான் படுப்பீங்களா?"

"பத்து வருஷமா இடது பக்கம்தாம்மா."

உடனே கையேட்டை எடுத்துப் புரட்டினேன். உறக்கத்தில் சென்சார் அழுந்தினால் அங்கே நீரோட்டம் குறைந்து, இல்லாத தாழ்சர்க்கரையைக் காட்டும் என்று பொடி எழுத்தில் அச்சாகியிருந்தது. அத்தனை மொழிகளில் அச்சிட்ட அந்தக் கையேட்டில் தமிழில் ஒரு வரி இல்லாதது எனக்கு உண்மையாகவே வலித்தது. என் பெற்றோர் இருவரும் தமிழ் மட்டுமே படிப்பவர்கள்.

அன்றிரவே பெரிய எழுத்தில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன்: "மயக்கமோ வியர்வையோ இருந்தால் உடனே சர்க்கரை. இல்லாவிட்டால் முதலில் விரலில் பார்க்கவும். இடது பக்கம் படுக்க வேண்டாம். மீட்டரைச் சால்வைக்குள் வைக்கவும்." அடுத்த சென்சாரை வலது கையில் ஒட்டினோம்.

நான் கிளம்புவதற்கு முன் அந்தப் பெண் மறுபடியும் வந்து, அலமாரிக் கதவைத் தன் அலைபேசியில் படம் எடுத்துக்கொண்டார். மேல் தெருவில் ஒரு பாட்டிக்கும் பேரன் வெளிநாட்டிலிருந்து இதே வட்டத்தை அனுப்பியிருக்கிறாராம்.