மினி கூப்பர் எஸ்: வாங்கும் முன் எங்கெல்லாம் குனிந்து பார்க்க வேண்டும்?

பழைய ராலி கார் தேடுவோர் முதலில் விசாரிப்பது மினி கூப்பர் எஸ்ஸைத்தான். போலிகளும் இதில்தான் அதிகம். சாதாரண மினியில் பெரிய எஞ்சினை இறக்கி, கூரைக்கு வெள்ளை அடித்து, நான்கு விளக்கு மாட்டினால் தூரத்துப் பார்வைக்கு அசல் மாதிரியே இருக்கும்.

1963இல் 1071 சிசியோடு வந்தது முதல் எஸ். அடுத்த ஆண்டே 970, 1275 இரண்டும் சேர்ந்துகொண்டன. மூன்றுக்கும் சிலிண்டர் விட்டம் ஒன்றே, 70.6 மிமீ. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் மட்டும் 970, 1071, 1275க்கு முறையே 61.91, 68.26, 81.33 மிமீ என்று மாறும். 1964 மான்டி கார்லோ ராலியில் பேடி ஹாப்கிர்க்கும் ஹென்றி லிட்டனும் ஜெயித்த, 33 ஈஜேபி என்ற பதிவெண் கொண்ட கார், 1071தான். இரண்டாவதாக வந்த ஃபோர்டு ஃபால்கனுக்கோ 4.7 லிட்டர் வி8. நேர்ச்சாலையில் ஃபால்கனைப் பிடிக்க முடியாது. ஆனால் சிறிய எஞ்சினுக்கு விதிமுறை தந்த சலுகை கைகொடுத்தது. பனியில் முன்சக்கர இழுவையும், அந்தச் சக்கரங்கள் மேலேயே உட்கார்ந்திருந்த எஞ்சின் எடையும் மீதியைப் பார்த்துக்கொண்டன. 1965இல் டிமோ மாக்கினென், 1967இல் ராவ்னோ ஆல்டொனென் அதே ராலியை மினியில் ஜெயித்தார்கள். நடுவே 1966இல் முதல் மூன்று இடமும் மினிக்கே கிடைத்து, ஹெட்லைட் பல்பில் ஒற்றை இழைதான் இருக்கிறது என்று மூன்றையும் தகுதிநீக்கம் செய்தார்கள். அந்தக் கோப்பை சிட்ரோயனுக்குப் போனது. இன்றைக்கும் பலருக்கு ஆறாத கோபம் அது.

எஞ்சினிலிருந்து தொடங்குவோம். அசல் எஸ் பிளாக்கின் பின்பக்கம் டேப்பெட் மூடிகள் (வால்வுகளை இயக்கும் டேப்பெட்களைப் பார்க்கக் கழற்றும் தகடுகள்) இரண்டு இருக்கும். பிற்கால 1275களில் அவை கிடையாது. பிளாக்கின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட்டை இறுக்கிப் பிடிக்கும் இடங்கள் வழக்கமான ஒன்பது போக, இரு முனைகளிலும் ஒவ்வொன்று கூடுதலாக, மொத்தம் 11. முன் பிரேக் டிஸ்க் 7.5 அங்குலம், சாதாரண கூப்பருக்கு 7 அங்குலம்தான். 1966 தொடக்கத்திலிருந்து இரட்டைப் பெட்ரோல் டேங்க் கட்டாயமாகவே வந்தது; அதற்கு முன் வலது டேங்க் விருப்பத் தேர்வு. விற்பவர் எவ்வளவு பேசினாலும், பிரிட்டிஷ் மோட்டார் மியூசியம் பழைய தயாரிப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தரும் ஹெரிடேஜ் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் காரோடு ஒத்துப்போகவில்லை என்றால் எஸ்ஸுக்கான விலையைக் கொடுக்காதீர்கள்.

எஞ்சினைப் பிரித்துச் செய்துவிடலாம். செலவு பாடியில்தான். கதவுக்குக் கீழே ஓடும் ‘சில்’ தகட்டைத் தடவிப் பாருங்கள். மேலே இன்னொரு தகட்டை ஒட்டி மூடியிருந்தால் உள்ளே துரு தின்றுகொண்டே இருக்கும். பின்சக்கரங்களைத் தாங்கும் சட்டமான பின் சப்ஃபிரேமில் சேறு தங்கித் தகடு உள்ளிருந்து அரிக்கும். ஸ்க்ரூடிரைவரால் தட்டினால் ‘டக்’ என்று கேட்க வேண்டும், ‘பொத்’ என்று கேட்டால் சப்ஃபிரேமையே மாற்ற வேண்டும். டிக்கியில் பேட்டரிப் பெட்டியின் தரையையும் விடாதீர்கள். பின்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருந்தால் பின்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ரேடியஸ் ஆர்மின் பேரிங் தேய்ந்துவிட்டது. கிரீஸ் துப்பாக்கியை யாரும் காட்டாமல் விட்டதன் பலன் அது.

1964 செப்டம்பருக்குப் பிறகு வந்தவற்றில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலாஸ்டிக் சஸ்பென்ஷன். ஒவ்வொரு பக்கமும் முன்னும் பின்னும் ஒரே குழாயில் இணைந்திருப்பதால், கார் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் அந்தப் பக்கத்தில் கசிவு என்று அர்த்தம். அழுத்தம் ஏற்றத் தனி பம்ப் வேண்டும். தெருமுனை மெக்கானிக்கிடம் அது இருக்காது.

கியர்பாக்ஸ் எஞ்சினுக்கு அடியில், ஒரே ஆயிலில் ஓடுகிறது. இடத்தை மிச்சம்பிடித்த இந்த ஏற்பாடுதான் காரின் பலமும் பலவீனமும். கியர் பற்கள் ஆயிலை நைத்துவிடுவதால், கையேட்டில் உள்ள கெடுவுக்கு முன்பே 20டபிள்யூ-50 மினரல் ஆயிலை மாற்றிவிடுவது நல்லது. ஃபில்டரோடு சேர்த்து ஐந்து லிட்டர் கேனில் கொஞ்சம் மிஞ்சும். வடிக்கும்போது மேக்னட் பிளக்கைத் துடைத்துப் பாருங்கள். சாம்பல் நிறப் பசை இருந்தால் பயமில்லை. விரலில் உறுத்தும் துணுக்கு வந்தால் பெட்டியை இறக்க வேண்டியதுதான். 1968க்கு முந்தைய பெட்டியில் முதல் கியருக்கு சின்க்ரோ (கியர் உரசாமல் விழ வேகங்களை ஒத்துப்போகச் செய்யும் வளையம்) இல்லை. அதில் கரகரப்பு கேட்டால் அது ஓட்டுபவரின் அவசரம். இரண்டாவது கியர் கரகரத்தால் சின்க்ரோ போய்விட்டது.

1275இன் ஹெட்டில் வால்வு இருக்கைகளுக்கு இடையே விரிசல் விழுவது பழக்கமான நோய். ஹெட் கேஸ்கெட் போனால் பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது சிலிண்டருக்கு நடுவே போகும். கம்ப்ரஷன், அதாவது சிலிண்டர் அழுத்தம் பார்க்கும்போது பக்கத்துப் பக்கத்து இரண்டிலும் சேர்ந்து குறைந்தால் அதுதான். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரம் பிரித்துத் தரும் டிஸ்ட்ரிபியூட்டர் கிரில்லுக்கு நேர் பின்னால் இருப்பதால் மழையில் எஞ்சின் திணறும். ஒரு ரப்பர் உறை போட்டால் சரியாகிவிடும். இவ்வளவு ஜெயித்த கார் முதல் கனமழையில் நடுரோட்டில் நிற்பது வேடிக்கைதான்.

எதை வாங்கலாம்? அன்றாடம் ஓட்ட 1275தான். 76 குதிரைசக்தி, மேட்டில் கியர் மாற்ற அவசரமில்லை. சுற்றிச் சுற்றி ஆர்பிஎம் ஏற்றி ஓட்டுவதில் சுகம் காண்பவருக்கு 1071 போல வராது. மொத்தம் 963 மட்டுமே தயாரான 970, 1000 சிசிக்குக் கீழான பந்தயப் பிரிவுக்காகவே பிறந்தது, சேகரிப்பாளர்களிடமே இருக்கட்டும்.