புள்ளி விழுகிறதா பாருங்கள்: விலை குறைந்த ஸ்டைலஸுடன் மூன்று வருடம்

‘பால்’ என்று எழுதினால் திரையில் ‘பால’ என்று நிற்கும். ‘கண்’ எழுதினால் ‘கண’. டேப்லெட் திரையில் எழுத நான் வாங்கிய முதல் ஸ்டைலஸ் பேனா மூன்று வாரம் என்னை இப்படித்தான் ஆட்டி வைத்தது. கோடெல்லாம் ஒழுங்காக வரும், புள்ளி மட்டும் விழாது. எழுத்தை முடித்து அதன் தலையில் லேசாக ஒரு தட்டுத் தட்டுவோமே, அந்தத் தட்டு திரைக்குப் போய்ச் சேரவே சேராது.

எனக்குப் பிழை திருத்தும் வேலை. அச்சுக்குப் போகிற பக்கங்கள் பி.டி.எஃப்பாக வரும், அதன் மேலேயே குறி போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். விட்டுப்போன புள்ளியைச் சேர்க்கச் சொல்லி ஓரத்தில் நான் எழுதிய குறிப்பிலேயே புள்ளி இல்லாமல் போனது. பக்கம் வடிவமைப்பவர் போன் போட்டு, “சார், ஏற்கெனவே அப்படித்தானே இருக்கு, இதுல என்ன மாத்தணும்?” என்று கேட்டார். ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழிந்துவிடும் என்று அந்தக் காலத்தில் புள்ளி வைக்காமலே எழுதினார்கள் என்பார்கள். காசு கொடுத்து வாங்கிய எழுத்தாணி என்னையும் அங்கேயே கொண்டுபோய் விட்டிருந்தது.

அது ரப்பர் முனை வைத்த சாதாரண கெபாசிட்டிவ் பேனா. தொடுதிரை நம் விரலை எப்படி உணர்கிறதோ அப்படியே இந்தப் பேனாவையும் உணர்கிறது. பேனாவுக்குள் பேட்டரியோ சர்க்யூட்டோ கிடையாது, நம் கையை நீட்டித் தருகிற ஒரு குச்சி, அவ்வளவுதான். விரல் அளவுக்குத் தொடும் பரப்பு இருந்தால்தான் திரை மதிக்கும் என்பதால் முனை குண்டாக இருக்கும். அந்த ரப்பர் கொஞ்சம் அமுங்கினால்தான் போதுமான பரப்பு கிடைக்கும். லேசான தட்டில் அது அமுங்காது. புள்ளி காணாமல் போன கதை இதுதான். இதைவிடப் பெரிய தொல்லை, பேனா எது, உள்ளங்கை எது என்று திரைக்குத் தெரியாது. கையைத் திரையில் வைத்து எழுதினால் கை பட்ட இடத்திலெல்லாம் கோடு. கையைத் தூக்கிப் பிடித்தபடி மூன்று வாரம் எழுதினேன், தோள்பட்டை வலிதான் மிச்சம். முனையில் கண்ணாடி மாதிரி ஒரு வட்டத் தகடு வைத்தவையும் வருகின்றன. எங்கே எழுதுகிறோம் என்று அதில் தெரியும், அந்த வகையில் பரவாயில்லை. ஆனால் வேகமாகத் தட்டும்போது தகடு சாய்ந்து விழுந்தால் அங்கேயும் புள்ளி போச்சு. படம் பார்க்க, பட்டனைத் தட்ட, கையெழுத்துப் போட இவை போதும். பக்கம் பக்கமாக எழுத வேண்டாம்.

சரி, அடுத்தது நல்லதாக வாங்குவோம் என்று தேட ஆரம்பித்தபோதுதான் நான் தலைகீழாக வேலை செய்துகொண்டிருந்தது புரிந்தது. எந்தப் பேனா நல்லது என்று தேடிக்கொண்டிருந்தேன். முதலில் பார்க்க வேண்டியது நம் டேப்லெட் எந்தப் பேனாவின் பேச்சைக் கேட்கும் என்பதை. இது தெரியாமல் எவ்வளவு கொட்டிக் கொடுத்தாலும் வீண்.

என்னிடம் இருப்பது 2021-இல் வந்த ஒன்பதாம் தலைமுறை ஐபேட். 2018 முதல் வந்த ஐபேடுகள் எல்லாம் ஆப்பிள் நிறுவனத்தின் சொந்தப் பேனாவான ஆப்பிள் பென்சிலை ஏற்கும். அந்தப் பென்சில் அனுப்புகிற மாதிரியே ஒரு சிக்னலைத் தன் முனையிலிருந்து அனுப்பி, ‘நானும் பென்சில்தான்’ என்று ஐபேடை நம்ப வைக்கிற பேனாக்களை வேறு பலர் செய்கிறார்கள். அதனால் ப்ளூடூத்தில் இணைக்க வேண்டிய வேலையே இல்லை. மேல் முனையைத் தொட்டால் விளக்கு எரியும், எழுத ஆரம்பிக்கலாம். வந்தது விரல் இல்லை, பேனா என்று ஐபேடுக்குத் தெரிந்துவிடுவதால் உள்ளங்கையைக் கண்டுகொள்ளாது. முதல் நாள் கையைத் திரையில் முழுசாகச் சாய்த்து ஒரு வரி எழுதியபோது வந்த நிம்மதி இருக்கிறதே! (2007-இல் ஐபோனை அறிமுகப்படுத்திய மேடையில் ஸ்டைலஸைக் கேலி செய்தார் ஸ்டீவ் ஜாப்ஸ். 2015-இல் அதே நிறுவனம் பென்சில் கொண்டுவந்தது. அதைப் பார்க்க அவர் இல்லை.)

ஆண்ட்ராய்டு பக்கம் நிலைமை வேறு. சாம்சங்கின் எஸ் பென் வேலை செய்கிற டேப்லெட்டுகளில் திரைக்கு அடியில் தனியாக ஓர் அடுக்கு இருக்கும். அதிலிருந்து வரும் காந்தப்புலமே பேனாவுக்குத் தேவையான சக்தியைக் கொடுத்துவிடும். எழுதுவதற்கு பேட்டரியே வேண்டாம். வேக்கம் நிறுவனத்தின் தொழில்நுட்பம் இது. உங்களிடம் அப்படி ஒரு டேப்லெட் இருந்தால் நீங்கள் கொடுத்து வைத்தவர், ஏனென்றால் அதே முறையில் வேலை செய்யும் வேறு நிறுவனப் பேனாக்களிலும் அழுத்தத்துக்கேற்பக் கோடு தடிக்கும். பென்சிலுக்குப் பேர்போன ஸ்டெட்லர்கூட நிஜப் பென்சில் மாதிரியே ஒன்று விற்கிறது. மடிக்கிற போனுக்காகச் செய்த எஸ் பென் மட்டும் வேறு அலைவரிசை, அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் என்றால் எம்.பி.பி., குரோம்புக் என்றால் பெரும்பாலும் யு.எஸ்.ஐ. என்று பேனா டப்பாவில் போட்டிருக்க வேண்டும் (இரண்டும் பேனாவும் திரையும் பேசிக்கொள்ளும் முறைகளின் பெயர்கள்). யு.எஸ்.ஐ.யிலும் 2022-இல் வந்த 2.0 தனி, பழையது தனி, கருவி எதைக் கேட்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இவை எதிலும் சேராத டேப்லெட்டுகளும் நிறைய உண்டு. குறைந்த விலை டேப்லெட்டுகளில் பேனாவுக்கான ஏற்பாடே பெரும்பாலும் இருக்காது. ‘எல்லா டேப்லெட்டுக்கும், எல்லா போனுக்கும் பொருந்தும்’ என்று விளம்பரம் செய்கிற பேனாக்கள் இவற்றை வைத்திருப்பவர்களைக் குறிவைத்துத்தான் வருகின்றன. அந்த வாசகத்தைப் பார்த்தாலே புரிந்துகொள்ளுங்கள், அந்தப் பேனா விரலாகத்தான் நடிக்கப் போகிறது. முனை மெல்லிசாக இருக்கும், சார்ஜ்கூட ஏற்ற வேண்டியிருக்கும், ஆனால் உள்ளங்கைப் பிரச்சினை தீராது. ஒரு நண்பர் இப்படித்தான் ஒன்றை வாங்கிவிட்டு, பேனா மட்டம் என்று திட்டிக்கொண்டிருந்தார். பேனா மேல் தப்பில்லை, அவருடைய டேப்லெட்டுக்குக் காது கேட்காது.

நான் வாங்கிய இரண்டாவது பேனா ஐபேடுக்கென்றே வந்தது. பெயர் சொல்லவில்லை. ஒரே பேனா பத்துப் பெயர்களில் விற்கிறது, நான் சொல்லும் பெயர் உங்கள் கைக்கு வரும்போது மாறியிருக்கும். வந்த அன்றே மூன்று சோதனை செய்தேன். இப்போது யார் கேட்டாலும் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இதைச் செய்யச் சொல்கிறேன்.

முதல் சோதனை, க் முதல் ன் வரை பதினெட்டு மெய்யெழுத்தையும் வழக்கமான வேகத்தில் ஐந்து வரிசை எழுதுவது. 90 புள்ளி இருக்க வேண்டும். எனக்கு 88 விழுந்தது. பழைய ரப்பர் பேனாவில் பாதிகூடத் தேறவில்லை. ஆங்கிலத்தில் மட்டும் எழுதிப் பார்த்துவிட்டு ‘அருமை’ என்று சொல்கிறவர்களுக்கு இந்தக் குறை கண்ணில் படாது. எப்போதோ ஒரு ஐ, ஒரு ஜே வரும். நமக்கு வரிக்குப் பத்துப் புள்ளி. கூடவே ண, ன, ஞ இவற்றின் சுழிகளையும் பாருங்கள். சின்னதாக எழுதும்போது சுழி அடைந்துபோய் ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரிந்தால், முனைக்கும் கோட்டுக்கும் ஒட்டவில்லை என்று அர்த்தம்.

அடுத்தது, பிளாஸ்டிக் ஸ்கேலைச் சாய்வாக வைத்து ரொம்ப மெதுவாக ஒரு கோடு இழுப்பது. உலோக ஸ்கேல் வேண்டாம், திரை அதையும் தொடுதலாக எடுத்துக்கொள்ளலாம். வேகமாக இழுத்தால் எந்தப் பேனாவும் நேர்க்கோடு போடும். மெதுவாக இழுக்கும்போதுதான் மலிவுப் பேனாவின் கோடு புழு மாதிரி நெளியும். என்னுடையதில் லேசான நெளிவு இருந்தது. எழுதும்போது தெரியாது, கட்டம் வரையும்போது தெரியும். அப்புறம் பேனாவை நன்றாகச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். சில பேனாக்களில் கோடு முனையை விட்டுத் தள்ளிப்போய் விழும்.

மூன்றாவது, டேப்லெட்டைச் சார்ஜில் போட்டுக்கொண்டே எழுதிப் பார்ப்பது. இதைத் தற்செயலாகத்தான் கண்டுபிடித்தேன். ஒரு நாள் இரவு கோடெல்லாம் நடுங்கியது. பேனா போய்விட்டது என்றே நினைத்தேன். சார்ஜரைக் கழற்றினேன், நடுக்கம் நின்றது. தரமில்லாத சார்ஜரிலிருந்து வருகிற மின் இரைச்சல் தொடுதிரையைக் குழப்பும். சார்ஜரை மாற்றினால் சரியாகிவிடும், பேனாவைத் திட்ட வேண்டியதில்லை.

அந்தப் பேனா பதினான்கு மாதம் உழைத்தது. அது செத்தது என்னால். நடுவில் கண்ணாடிப் பவர் மாறி, கொஞ்ச நாள் காகிதத்திலேயே வேலை பார்த்தேன். பேனா மேசை டிராயரில் மூன்று மாதம் கிடந்தது. எடுத்துச் சார்ஜில் போட்டால் விளக்கே எரியவில்லை. உள்ளே இருப்பது கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சின்ன லித்தியம் பேட்டரி. சார்ஜ் முழுசாக இறங்கிய பிறகும் அப்படியே விட்டுவிட்டால் அது திரும்ப எழுந்திருக்காமல் போகலாம். திறந்து மாற்றுகிற மாதிரி செய்யப்பட்ட பேனா இல்லை, பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். இப்போது பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் மாதம் ஒருமுறை சார்ஜில் போட்டுவிடுகிறேன்.

சார்ஜ் விஷயத்தில் இன்னொன்று. என்னுடைய மூன்றாவது பேனா, அதாவது இப்போது இருபது மாதமாக ஓடிக்கொண்டிருப்பது, வந்த அன்று சார்ஜே ஏறவில்லை. பழுதான பொருள் என்று திருப்பி அனுப்பப் போனேன். கடைசி நிமிடத்தில் டப்பாவில் வந்த கேபிளை மாட்டிப் பார்த்தேன், ஏறியது. இரண்டு பக்கமும் டைப்-சி இருக்கிற கேபிளில் சார்ஜ் ஏற, பேனாவின் துளைக்குள் இரண்டு குட்டி மின்தடைகள் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் சார்ஜர் மின்சாரமே அனுப்பாது. மலிவுச் சாமான்களில் அதை மிச்சம் பிடித்துவிடுகிறார்கள். ஒரு முனையில் பழைய அகலமான யு.எஸ்.பி. இருக்கிற கேபிளில் ஏறிவிடும். அந்தக் கேபிளைப் பத்திரமாக வைத்திருங்கள்.

முனை விஷயத்துக்கு வருவோம். எல்லாரும் தேய்மானத்தைப் பற்றித்தான் பயமுறுத்துவார்கள். வெறும் கண்ணாடித் திரையில் ஒரு முனை எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் வந்தது. காகிதத்தில் எழுதுகிற மாதிரி இருக்கும் என்று சொரசொரப்பான ஒரு ஷீட்டை ஒட்டினேன், அதில் நாலே மாதத்தில் முனை ஒரு பக்கமாகச் சப்பையாகிவிட்டது. எழுதுவதற்கு என்னவோ அந்த ஷீட் சுகம்தான், பேனா வழுக்காது, எழுத்தும் அழகாக வரும். ஆனால் படிக்கும்போது எழுத்துகள் மேல் லேசாக ஒரு மினுமினுப்பு தெரியும். நாள் முழுக்கப் பக்கங்களை உற்றுப் பார்க்கிறவனுக்கு அது ஒத்துவரவில்லை, பிய்த்துவிட்டேன்.

தேய்மானத்தைவிட அதிகமாகத் தொல்லை கொடுத்தது முனை தளர்வதுதான். எழுத எழுத அது கண்ணுக்குத் தெரியாமல் கழன்றுகொண்டே வரும். கோடு விட்டுவிட்டு வந்தால், புள்ளி திடீரென்று காணாமல் போக ஆரம்பித்தால், முதலில் முனையைத் திருகி இறுக்குங்கள். பேனா போய்விட்டது என்று நான் முடிவுகட்டிய நாலைந்து தடவையும் பிரச்சினை இதுதான்.

பேனாவில் காந்தம் உண்டு, ஐபேடின் விளிம்பில் ஒட்டிக்கொள்ளும், அதில் சார்ஜ் ஏறாது. பைக்குள் போட்டால் கழன்று அடியில் கிடக்கும், சில சமயம் எதிலாவது பட்டுத் தானாகவே விளக்கு எரிந்துகொண்டும் இருக்கும். கவர் வாங்கும்போது பேனா செருகும் இடம் இருப்பதாக வாங்கிவிடுங்கள். ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் அணைந்துவிடுகிறது; படித்துக்கொண்டே இருந்து திடீரென்று ஒரு குறி போட வரும்போது எழுதாது, மறுபடி தலையைத் தொட வேண்டும். இருபது மாதமாகியும் இதற்கு மட்டும் நான் பழகவில்லை.

விடுமுறைக்கு வந்திருந்த அக்கா மகள் இந்தப் பேனாவை வாங்கி ஒரு முகம் வரைய உட்கார்ந்தாள். பத்து நிமிடத்தில், “மாமா, எவ்ளோ அழுத்தினாலும் கோடு தடிக்கவே மாட்டேங்குது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டாள். அவள் சொன்னது சரி. ஐபேடுக்கு வரும் விலை குறைந்த பேனாக்களில் இந்த அழுத்த உணர்வு பெரும்பாலும் கிடையாது. சாய்த்துப் பிடித்தால் நிழல் தீட்டும், அழுத்தினால் தடிக்காது. ஆப்பிளே 2023-இல் கொண்டுவந்த டைப்-சி பென்சிலிலும் அது இல்லை. பேனாவை வைத்துப் படம் வரைவது உங்கள் ஆசை என்றால் இந்த விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். முதல் தலைமுறைப் பென்சில் பழையது கிடைத்தால் பாருங்கள், என் ஐபேடில் அழுத்தத்தோடு வேலை செய்வது அதுதான். அதையும் சார்ஜ் நிற்கிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள். அக்கா மகளுக்கு அப்படி ஒன்றைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு அழுத்தம் தேவைப்பட்டதே இல்லை. அடிக்கோடு, சுழிப்பு, ஓரக்குறிப்பு, இவற்றுக்குக் கோடு ஒரே தடிமனில் இருப்பதே நல்லது. புதிதில் ஒரு சார்ஜுக்கு எட்டு மணி நேரம் வந்த பேனா இப்போது ஐந்துக்கு இறங்கியிருக்கிறது. மாட்டியிருப்பது டப்பாவில் வந்த கடைசி முனை. இரண்டு முனை தனியாக வாங்கி, பொருந்துகிறதா என்று ஒருமுறை திருகியும் பார்த்துவிட்டு, அந்தப் பழைய கேபிளோடு சேர்த்து டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன்.