கைப்பிடி சுற்றும் ரேடியோ: கடலோர வீட்டுக்கு வாங்கலாமா?

கடைக்காரர் இதை எமர்ஜென்சி ரேடியோ என்றார். என் மாமியார் 'சுத்துற ரேடியோ' என்கிறார். டிபன் டப்பா அளவுக்கு ஒரு சிவப்புப் பெட்டி. மேலே சோலார் தகடு, முன்னால் டார்ச், பின்னால் மடக்கி வைத்த கைப்பிடி, பக்கவாட்டில் போனுக்கு சார்ஜ் போட ஒரு துளை. நாகப்பட்டினம் கடைத்தெருவில் 1,850 ரூபாய்க்கு வாங்கினேன். ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

கையில் போன் இருக்கும்போது இது எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலையில் கரையைக் கடந்ததே, அதற்கப்புறம் எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, டவரும் இல்லை. போன் வெறும் டப்பாவாகக் கிடந்தது.

சுனாமிக்கு இது இன்னும் முக்கியம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ரா பக்கம் கடலடியில் நிலம் குலுங்கியது நம் நேரப்படி காலை ஆறரை மணி வாக்கில். அலை நாகைக்கு வந்து சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் சொல்ல ஆளில்லை. அன்றைய நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். இப்போது ஐதராபாத்தில் இன்காய்ஸ் என்கிற கடல் ஆய்வு நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் 2007 முதல் இயங்குகிறது. நிலம் குலுங்கிய சில நிமிடங்களில் அங்கிருந்து தகவல் கிளம்பிவிடும். அது என் வீட்டு வாசல் வரை வந்து சேர ஒரு வழிக்கு இரண்டு வழி வேண்டும். போனில் பேரிடர் எச்சரிக்கை தரும் அரசின் சச்சேத் செயலி இருக்கிறது, ஊர் மைக் செட் இருக்கிறது. மூன்றாவதாக இது.

சரி, பெட்டிக்கு வருவோம். எஃப்.எம்.மில் காரைக்கால் வானொலி 100.3 கணீரென்று கேட்கிறது, ஏரியலை நீட்டக்கூடத் தேவையில்லை. மீடியம் வேவில் திருச்சி 936 மாலையில் நன்றாக எடுக்கிறது. பகலில் டியூப் லைட் பக்கம் வைத்தால் இரைச்சல்தான், மாடிக்குக் கொண்டுபோனால் தெளிகிறது. முள் நகரும் பழைய மாதிரி டயல் என்பதால் ஸ்டேஷன் பிடிக்கக் கொஞ்சம் பொறுமை வேண்டும். காரைக்கால் வரும் இடத்தில் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். இப்போது என் சின்ன மகளே திருப்பி வைத்துவிடுகிறாள்.

கைப்பிடியை ஒரு நிமிடம் விடாமல் சுற்றினால் ஏழெட்டு நிமிடம் ஓடும். பிளாஸ்டிக் குமிழ் சின்னதாக, வழுக்கலாக இருக்கிறது. மாமியாருக்கு மூட்டுவலி, அவரால் சுற்றவே முடியவில்லை. குமிழில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றிக் கட்டியபிறகு பிடிமானம் பரவாயில்லை. கரண்ட் இருக்கும்போதே முழு சார்ஜ் போட்டு வைத்தால் ராத்திரி முழுக்கத் தாங்குகிறது.

சுற்றியே போனுக்கு சார்ஜ் ஏற்றலாம் என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பி வாங்காதீர்கள். கை வலிக்கச் சுற்றியும் மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077க்கு ஒரு போன் போட்டுப் பேசும் அளவுக்குத்தான் ஏறியது. சோலார் தகடும் பெயருக்குத்தான். டார்ச் அருமை.

எனக்குப் பெரிய வருத்தம் இரண்டு. சார்ஜ் துளையின் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. எங்கள் உப்புக்காற்றுக்கு மழை முடிவதற்குள் உள்ளே பச்சை படிந்துவிட்டது. இப்போது ஜிப் கவரில் போட்டு, ரேஷன் கார்டு, ஆதார், பாஸ்புக் இருக்கும் பையோடு சேர்த்து வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறேன். இன்னொன்று, விளக்கத் தாளில் ஒரு வரிகூடத் தமிழ் இல்லை. கடலோரத்தில் விற்கிற சாமானுக்கு இது நியாயமே இல்லை.

இந்த ரேடியோவின் அருமை சுனாமி எச்சரிக்கை வந்து மாடி ஏறியபிறகுதான் தெரியும். நம் டெல்டாவில் மலையா இருக்கிறது? மேற்கே வெகுதூரம் போக வேண்டும், இல்லையென்றால் உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் மேல்மாடிக்கு ஏற வேண்டும். ஆற்றங்கரை வழியாக ஓடக்கூடாது, முகத்துவாரம் வழியாக அலை ஆற்றுக்குள்ளும் ஏறும். அக்கரைப்பேட்டை பாலத்தின்மேல் படகுகள் ஏறிக் கிடந்ததை நாங்கள் கண்ணால் பார்த்தவர்கள். ஒரு அலை போனதும் முடிந்தது என்று இறங்கிவிடவும் கூடாது. அடுத்தடுத்து மணிக்கணக்கில் வரும், முதல் அலைதான் பெரிது என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அபாயம் நீங்கியது என்று அறிவிக்கும்வரை மேலேயே இருக்க வேண்டும். 2012 ஏப்ரல் 11 அன்று எச்சரிக்கை வந்தபோது சிக்கல் ஊரில் இருக்கும் சித்தி வீட்டுக்கு ஓடினோம். அதை விலக்கிக்கொண்டார்கள் என்பது தெரியாமல் பிள்ளைகளோடு இருட்டும்வரை தவித்தோம். அன்றைக்கு இது கையில் இருந்திருந்தால் அவ்வளவு தவிப்பு இல்லை.

கடலுக்குப் போகிறவர்களுக்கு இது போதாது, அவர்களுக்கு வயர்லெஸ்தான் வேண்டும். எச்சரிக்கை கேட்டால் ஆழ்கடலில் இருக்கும் படகு கரைக்குத் திரும்பக்கூடாது, ஆழத்தில் அலை தெரியாமலே கடந்துவிடும். என் வீட்டுக்காரரிடம் ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லித்தான் அனுப்புகிறேன்.

கீழத்தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இப்போது இதை வாங்கியிருக்கிறார்கள். மீடியம் வேவ் இல்லாத மாடலும் இதே பெட்டியில், முந்நூறு ரூபாய் குறைச்சலாக விற்கிறது. அதை வாங்காதீர்கள். கடையிலேயே வெளிவாசலுக்குக் கொண்டுவந்து, கைப்பிடியைச் சுற்றி, திருச்சி எடுக்கிறதா என்று கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.