ஹெட்லைட் பேட்டரி: ஈயமா, லித்தியமா?

கன்னியாகுமரி மாவட்டத்தில் குலசேகரம், களியல் பக்கம் விடியுமுன் ரப்பர் பால் வெட்டப் போகிறவர்களுக்கு, தலையில் மாட்டும் ஹெட்லைட்டுக்கு எந்த பேட்டரி என்ற குழப்பம் உண்டு. ஈய-அமில பேட்டரி மலிவு, ஆனால் கனம். பாதி சார்ஜில் போட்டுவைத்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துப்போகும். மழையில் வெட்டு நின்றாலும் முழுசாக ஏற்றியே வைக்க வேண்டும்.

லித்தியம் 18650 செல் (18 மி.மீ. விட்டம், 65 மி.மீ. நீளமுள்ள உருளை செல்) நேர் எதிர். சும்மா கிடக்கும்போது பாதி சார்ஜ் போதும். முழுசாக ஏற்றி வைத்தால், அதுவும் வெக்கையில், சீக்கிரம் வலுவிழக்கும். சாதாரண செல் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது, அதனால் கண்ட சார்ஜரில் சொருகாதீர்கள். மேலுறை கிழிந்த செல்லைச் சாவியோடு பையில் போடுவது வம்பு, உலோகம் பட்டு ஷார்ட் ஆகிவிடும்.

என் ஓட்டு லித்தியத்துக்கே. ஆனால் கொள்ளளவு 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று அச்சடித்ததை வாங்காதீர்கள். அந்த அளவு செல்லில் 4,000 தாண்டுவதே அபூர்வம்.